நிறுத்தச் சொன்ன கை

முப்பத்தொன்று வரை எண்ணியாகிவிட்டது. கிரேன்காரர் இன்னும் மூச்சு விடவில்லை.

பட்டப்பகல் பதினொன்றரை மணி. அறைக்குள் மட்டும் இருட்டு. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற மனுஷன் பகலில் தூங்க வேண்டுமே என்று, உள்பக்கம் கறுப்புத் துணி கொடுத்து அவர் பெண்டாட்டி தன் கையால் தைத்த திரை. மாவுக்கட்டுப் போட்ட வலது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் சாய்ந்திருந்தாள். அதுவரை குறட்டை காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றதும், 'அப்பாடா, ஒருவழியா ஓய்ஞ்சாரு' என்றுதான் நினைத்தாள். அப்புறம்தான் அந்த அமைதியில் என்னமோ சரியில்லை என்று பட்டது. திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. வயிறு எழும்பப் பார்த்தது, அடங்கியது, மறுபடி எழும்பப் பார்த்தது. மனுஷன் இழுக்கிறார், காற்று உள்ளே வர மாட்டேன் என்கிறது. எதற்காக எண்ண ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாகப் படுக்கை விரிப்புகளை எண்ணிப் பழகிய வாய், அது பாட்டுக்கு எண்ணியது.

முப்பத்துநான்கில், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ தலைமயிரைப் பிடித்துத் தூக்கியதுபோல, ஒரு உறுமலோடு உடம்பு உதறி, காற்றை விழுங்கினார். புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மறுபக்கம் புரண்டார். கண் திறக்கவில்லை.

"ஏங்க! ஏங்க, எந்திரிங்க!" தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"லோடு வந்துருச்சா?"

"லோடும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மூச்சு நின்னுபோச்சுங்க."

"நின்னா செத்துல்ல போயிருப்பேன். போ அந்தப் பக்கம்" என்றார். இரண்டு நிமிஷத்தில் பழைய குறட்டை. அவள் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, அது அடுத்து நிற்பதற்காகக் காத்திருந்தாள். நின்றது. ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு தடவை நின்றது. அதில் ஒன்று நாற்பத்தாறு வரை போனது.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமான பெண்டாட்டிக்கு இது இன்றைக்குத்தான் தெரிந்ததா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அந்த வீட்டில் கட்டில் ஒன்றுதான், ஆனால் அதில் இரண்டு பேர் சேர்ந்து படுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இரும்புத் தகட்டுச் சுருள் கிடங்கில் அவருக்கு நிரந்தர ராத்திரி ஷிப்ட். காலை ஏழேகாலுக்கு அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சலவைக்கூடத்தில் முதல் மூட்டையைப் பிரித்திருப்பாள். சாயங்காலம் அவள் வரும்போது அவர் எழுந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு மணி நேரம் இருவரும் ஒரே வீட்டில் விழித்திருப்பார்கள். அதற்குள் சாப்பாடு, சண்டை, குழாய் ரிப்பேர் எல்லாம் முடிந்தாக வேண்டும். அவருக்குப் புதன்கிழமை லீவு, அவளுக்கு ஞாயிறு. புதன் ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்காது, ஹாலில் டிவியைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அவர் தூங்குகிற கட்டிலில் அவளும், அவள் தூங்குகிற கட்டிலில் அவருமாகக் காலம் ஓடியது. "எங்க வீட்டுக் கட்டில் மட்டும் லீவே எடுத்ததில்ல" என்று அவளே சலவைக்கூடத்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். முந்தின நாள் ஈரத்தரையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால், இன்னும் ஒன்பது வருஷம் அப்படியே ஓடியிருக்கும். குறட்டை அவளுக்குத் தெரியாததில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் பாத்திரம் அதிரும். சத்தம் எல்லோர் காதிலும் விழும். சத்தம் நிற்பதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

மற்ற எல்லாவற்றுக்கும் நைட் ஷிப்ட் என்று ஒரே பெயர் வைத்திருந்தார்கள். தூங்கி எழுந்ததும் மண்டை பிளக்கிறதா, நைட் ஷிப்ட். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தும் நாக்கு ஒட்டுகிறதா, நைட் ஷிப்ட். தூக்கத்துக்கு நடுவில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறாரா, ஷிப்டில் குடிக்கிற டீ. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கையை வைத்தபடியே தூங்கிவிடுவார், அவள் தட்டை மெல்ல உருவிக்கொண்டு, "இன்னொரு தடவ போடட்டுமா, கனவுல சாப்பிட்டது போதுமா?" என்பாள். முன்பெல்லாம் சிரிப்பார். இரண்டு மூன்று வருஷமாக எரிந்து விழுகிறார். சாவியை எங்கே வைத்தோம் என்பதிலிருந்து சொந்தத் தங்கை வீட்டு நம்பர் வரைக்கும் மறந்து போகிறது. பத்து மணி நேரம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டு, தூங்காதவன் முகத்தோடு எழுந்து வருவார். தூங்குகிறார் என்றுதானே அவள் நினைத்தாள். அவர் அந்தப் பத்து மணி நேரமும் கட்டிலில் மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே இதற்கென்று ஒரு வார்டு இருக்கிறது. மூன்றாவது மாடி, நாலே நாலு படுக்கை. ராத்திரி வந்து படுப்பார்கள், தலையிலும் மார்பிலும் ஒயரை ஒட்டுவார்கள், காலையில் எழுந்து போவார்கள். அந்த வார்டு விரிப்புகளில் ஒயர் ஒட்டுகிற பசை திட்டுத் திட்டாக இருக்கும். மிஷினில் போகாது, கையால்தான் தேய்க்க வேண்டும். "ஊர்ல அவனவன் தூங்க நேரமில்லாம அலையறான். இவங்களுக்குத் தூங்கறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியாம்!" என்று தேய்க்கும்போதெல்லாம் திட்டித் தீர்ப்பாள். அதற்குத் தூங்குமூஞ்சி வார்டு என்று பெயர் வைத்ததே அவள்தான்.

மறுநாள் மாவுக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நொண்டிக்கொண்டே லிப்டில் ஏறி, மூன்றாவது மாடியை அமுக்கினாள்.

அங்கே இருந்த நர்ஸ் அவளுக்குப் பழக்கம்தான். விரிப்பு வாங்க, கொடுக்க, முகம் பார்த்துச் சிரித்துக்கொள்கிற பழக்கம். மேஜையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, "சும்மா கேக்கறேன், ஆமா இல்லன்னு சொன்னா போதும்" என்றாள். சத்தமா குறட்டை விடுவாரா? மூச்சு நிக்குதா? அப்புறம் திணறிக்கிட்டு இழுப்பாரா? எழுந்ததும் தலைவலியா? பிரஷர் இருக்கா? சட்டையோட மேல் பட்டன் போட முடியுதா, கழுத்து பருத்திருக்கா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தாள். தன் தம்பிக்கு முன்பு ஒரு பெண் நிச்சயமானபோது, இவருக்குப் பழைய சட்டையில் மேல் பட்டன் பூட்டவில்லை என்று மூச்சைப் பிடித்து இழுத்துப் பூட்டி, பட்டன் தெறித்துப் போய்ச் சமையலறை முழுக்கத் தேடியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எவ்வளவு சிரிப்பு.

"உட்கார்ந்தபடியே தூங்கிடுவாரா? பேசிட்டிருக்கும்போது, பஸ்ல போகும்போது?"

"அதெல்லாம் சர்வ சாதாரணம்."

"தூங்கினதே தனக்குத் தெரியாம இருக்குமே? கண்ணுகூட சில பேருக்கு முழுசா மூடாது. சில நொடி, அவ்வளவுதான். முழிச்சிருந்த மாதிரியே நெனச்சுக்குவாங்க." நர்ஸ் பேனாவை மூடினாள். "அதான் இதுல பயமே. வண்டி ஓட்டறவங்கன்னா நாங்க உடனே நிறுத்தச் சொல்லிடுவோம். உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறாரு?"

ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு விடிகாலை அந்த மேஜைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றது.

"வீட்டுலதான் இருக்காரு" என்றாள்.

தம்பி அவளுக்குப் பிள்ளை மாதிரி. அம்மா போனபோது அவளுக்குப் பதினாலு, அவனுக்கு ஆறு. தலைக்கு எண்ணெய் வைத்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது வரைக்கும் அவள்தான். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை என்றபோதுகூட, 'அதான் ஒருத்தன் இருக்கானே' என்று விட்டுவிட்டாள். அவனைக் கிடங்கில் சேர்த்துவிட்டது கிரேன்காரர். மாமா மேலே கூண்டில், மச்சான் கீழே தரையில். இருபது டன் சுருளில் கொக்கியை மாட்டிவிட்டுத் தம்பி கையால் சைகை காட்டுவான். மேலிருந்து அவர் லிவரைத் தள்ளுவார். விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. உள்ளங்கையை விரித்து நேரே தூக்கினால் நிறுத்து. அவ்வளவு இரைச்சலில் பேச்சு எடுபடாது, கைதான் வாய். சுருள் உருண்டுவிடாமல் அடியில் மரக்கட்டை வைக்க வேண்டும். நிறுத்து என்று காட்டி, சுருள் அசையாமல் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே குனிய வேண்டும் என்பது விதி. பத்து வருஷமாகச் சேர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு விதி எதற்கு? தம்பி கையைத் தூக்குவான், தூக்கிய கையை இறக்கும்போதே குனிந்திருப்பான். "மாமா நிறுத்துவாரான்னு அண்ணாந்து பாத்துட்டு நிக்கறது, அவரைச் சந்தேகப்படற மாதிரில்ல இருக்கு" என்று பெருமையாகச் சொல்வான். மற்ற ஜோடிகள் ஒரு சுருள் வைக்கிற நேரத்தில் இவர்கள் இரண்டு வைப்பார்கள்.

அந்த விடிகாலை மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். கடைசி ஒரு சுருளை வைத்துவிட்டு வருகிறோம் என்று இவர்கள் இருவர் மட்டும். தம்பி குனிந்து கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தான். சுருள் நிற்கவில்லை. பழைய கிரேன் அது, லிவர் தள்ளிய இடத்திலேயே நிற்கும், கையால் இழுக்காதவரை சுருள் இறங்கிக்கொண்டே இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணை நடந்தது. சைகை காட்டினாயா என்று தம்பியைக் கேட்டார்கள், காட்டினேன் என்றான். சைகை வந்ததா என்று கிரேன்காரரைக் கேட்டார்கள், நான் பார்க்கவில்லை என்றார். மாமா பொய் சொல்லமாட்டார் என்பது தம்பிக்கு அவன் கையைவிட நிச்சயமாகத் தெரியும். ஆகவே இரண்டாம் தடவை கேட்டபோது, காட்டினேன் என்றுதான் நினைக்கிறேன் என்றான். மூன்றாம் தடவை, தெரியவில்லை என்றான். வேலை போயிற்று. நிச்சயம் பண்ணிய பெண் வீட்டார், பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள அறையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் போகும்போதெல்லாம், மடியில் கிடக்கிற வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"தூக்கின மாதிரிதான்க்கா இருக்கு. ஆனா மாமா பாக்கலன்னா நான் தூக்கியிருக்க முடியாதுல்ல? களைப்புல, தூக்கிட்டேன்னு மனசுல நெனச்சிருப்பேன். மனசுல நெனச்சதக் கை செஞ்சதா எடுத்துக்கிட்டேன்." இதை அவன் நூறு தடவை சொல்லியிருப்பான். நூறு தடவையும் அவள், "விடுறா, போனது போச்சு" என்றிருக்கிறாள்.

நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு லிப்டில் இறங்கினாள். வியாதி என்று தெரிந்துகொள்ளத்தான் மேலே போனாள். கீழே வரும்போது வேறு எதையோ தெரிந்துகொண்டு வந்தாள். அதைத் தெரியாத மாதிரி இருப்பதற்கு இனி வழி கிடையாது.

சாயங்காலம் அஞ்சரைக்கு அவர் எழுந்து வந்து, இரண்டு பொட்டையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அவள் நர்ஸ் கொடுத்த சீட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு படுக்கை காலியா இருக்காம். ஒரே ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா போதும். ஒரு சின்ன மிஷின் தருவாங்களாம். மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்கினா எல்லாம் சரியாப் போயிடுமாம்."

"உன் தூங்குமூஞ்சி வார்டா?" சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் சீட்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "எழுதிக் குடுப்பாங்களா?"

"என்னத்த?"

"இன்ன வியாதின்னு."

"எழுதாம எப்படி? எழுதித்தான் ஆகணும்."

"எழுதினா கம்பெனிக்குப் போகும். எத்தன வருஷமா இருக்குன்னு அவன் கேப்பான்." சீட்டை மறுபடி அதே இடத்தில், அதே பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. உடம்பு கனம், அவ்வளவுதான். குறைச்சுக்கறேன்."

எத்தனை வருஷமாக என்று கேட்பார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? உடம்பு கனம் என்று நினைக்கிறவன் அதையா முதலில் யோசிப்பான்? இவருக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஏழு மாதமாக இவருக்குத் தெரியும்.

"அன்னிக்குத் தம்பி கை காட்டினானா?"

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாய், இன்னொரு வாய். மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை.

"கேக்கறேன்ல."

"நான் பாக்கல."

"நீங்க பாத்தீங்களான்னு கேக்கல. அவன் காட்டினானான்னு கேக்கறேன்."

கிரேன்காரர் தண்ணீரை எடுத்துக் குடித்து, வாயிலிருந்ததை உள்ளே தள்ளினார். "தூங்கினேன்னு மட்டும் சொல்லாத. நான் தூங்கல. சுருள் மேலதான் கண்ணு இருந்துச்சு. அது எறங்குது, பாத்துக்கிட்டே இருக்கேன். அடுத்தது அவன் கத்தறான். நடுவுல ஒண்ணு இருந்திருக்கணும்ல? அது எங்க போச்சுன்னு ஏழு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கேன்." தட்டைத் தள்ளி வைத்தார். "விசாரணையில பாக்கலன்னுதான் சொன்னேன். அவங்க, காட்டலன்னு எழுதிக்கிட்டாங்க. வாசிச்சும் காட்டினாங்க. நான் திருத்தல."

"ஏன்?"

"திருத்தியிருந்தா நீ என்ன ஆகியிருப்ப? ஒரு பக்கம் தம்பி காலு இல்லாம, ஒரு பக்கம் அதை எடுத்தவன் புருஷன்னு."

இப்போது என்ன ஆகியிருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. அழுகையும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் தம்பிக்குக் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது, அவனுக்கு முகம் மழித்துவிட ஆரம்பித்தவர் இவர். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஷிப்ட் முடிந்து நேரே அங்கேதான் போவார். சோப்புப் போட்டு, மழித்து, தலை துவட்டி, தலையணை உறை மாற்றி, இரண்டு மணி நேரம் பேச்சுத்துணையாக இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பெற்ற அப்பன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று தெருவே மெச்சியது. அவளும்தான் மெச்சினாள். இந்த மனுஷன் வாய்த்ததற்காகச் செத்துப்போன அம்மாவை நினைத்து ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டாள்கூட. நினைக்க நினைக்க வாய் கசந்தது. அதற்காக அவரை வெறுக்கவும் முடியவில்லை. முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னிக்கு மட்டும் போகாதீங்க" என்றாள். "இப்ப உங்களுக்குக் கீழ நிக்கறவருக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"அவர் விதிப்படி நிக்கறவரு. சுருள் நின்ன பெறகுதான் குனிவாரு."

"நீங்க நிறுத்தினாத்தானே அது நிக்கும்?"

லீவு போட்டால் காரணம் எழுத வேண்டும் என்று முணுமுணுத்தார். டிபன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தார். சட்டையில் மேல் பட்டனை விட்டுவிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நான் அவன்கிட்ட சொல்லப்போறேன். சொல்லிட்டு, செவ்வாய்க்கிழமை உங்களை இழுத்துக்கிட்டுப் போறேன். யார் கேட்டாலும் கேக்கட்டும்."

அவர் திரும்பாமல் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது.

"நீ சொல்லாத. நானே சொல்றேன்."

அதற்குப் பிறகு வந்த மூன்று ராத்திரிகளும் அவள் அந்தக் கட்டிலில் வெறுமனே கிடந்தாள். கம்பெனிக்குப் போன் பண்ணலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பண்ணினால் அவருடைய பெயர் போகும், வேலை போகும், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் இந்த வீட்டில் இருக்க வேண்டும். பண்ணாவிட்டால், காலையில் ஒரு போன் வரலாம். தம்பி இடத்தில் இப்போது தரையில் நிற்கிற அந்த மனுஷர் குள்ளம், எல்லோருக்கும் அவர் கட்டையண்ணன். அவளை எங்கே பார்த்தாலும், "உங்க வீட்டுக்காரர் கூண்டுல இருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு வேல பாப்பேம்மா" என்பார். ஒவ்வொரு நாள் காலையிலும் படியில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பம் இல்லை. கால் போனவன் அவன். காலைத் திருப்பித் தர முடியாது. கையையாவது அவனிடம் திருப்பித் தந்துவிட வேண்டும். ஞாயிறு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு வந்தது. கிரேன்காரர் ஷிப்ட் முடிந்து நேரே தம்பி வீட்டுக்கு வந்தார். அவள் ஊன்றுகோலோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கும் கால் கட்டு, தம்பிக்கும் கால் இல்லை.

"நம்ம குடும்பத்துல மொத்தம் நாலு காலு தேறும்போல இருக்கு மாமா" என்றான் தம்பி. "அதுல ரெண்டு உங்களுது."

கிரேன்காரர் சிரித்தார். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. மழை நாளில் வரும் இரும்பு வாடை சட்டையிலிருந்து வீசியது. ஜன்னலோரத் தாழ்வான நாற்காலியில் தம்பி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாய்ந்தான். அவர் உயரமான ஸ்டூலை அவன் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, கிண்ணத்தில் சோப்பைக் குழைத்தார். அவளைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று அர்த்தம்.

அவள் டீ போடுகிற சாக்கில் சமையல் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அறையில் அது நாலடி தூரம்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முதுகு முழுவதும் காதாக நின்றாள்.

"மாப்ளே" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட."

"சொல்லுங்களேன். என்ன பீடிகை?"

ரேஸர் தாடையில் ஓடுகிற சரசரப்பு கேட்டது. கிண்ணத்து நீரில் அதை அலசுகிற சத்தம். மறுபடி சரசரப்பு. சொல்லத் தொடங்க வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தாள். தேடட்டும். அப்புறம் சரசரப்பும் நின்றது, அலசுகிற சத்தமும் நின்றது. இதோ, இப்போது சொல்லப்போகிறார். பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு சின்னக் குறட்டைதான் வந்தது.

திரும்பினாள். கிரேன்காரர் ஸ்டூலில் நேராக உட்கார்ந்திருந்தார். இடது கை தொடை மேல். வலது கையில் ரேஸர், முழங்கால் மேல் சாய்ந்திருந்தது. தம்பிக்கு ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது, மறு கன்னம் முழுக்க நுரை. அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான்.

"ஷ்... எழுப்பாதக்கா. ராத்திரி பூரா கண்ணு முழிச்ச மனுஷன். பாவம், அஞ்சு நிமிஷம் தூங்கட்டும். எனக்கு என்ன அவசரம், ஆபீசுக்கா போகணும்?" என்று கிசுகிசுத்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினான்.

குறட்டை நின்றது.

அவள் வாய் எண்ண ஆரம்பித்துவிட்டது. மூன்று, நாலு, அஞ்சு. ஓடிப்போய் உலுக்க வேண்டும், கால் எழும்பவில்லை. எட்டு, ஒன்பது. தம்பி இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தான். பதிமூன்றில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அக்காவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்தான். பிறகு எதிரே பார்த்தான். தாழ்ந்த நாற்காலியிலிருந்து உயர்ந்த ஸ்டூலைப் பார்ப்பதற்கு அவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

மாமாவின் கண்கள் முழுசாக மூடியிருக்கவில்லை. பாதி இமைக்குக் கீழே கறுப்பும் வெள்ளையும் தெரிந்தன. பார்த்தால், அவனையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருந்தது.

"மாமா" என்றான், காற்றில் சொல்கிற மாதிரி.

பதினெட்டு. பத்தொன்பது. வயிறு எழும்பப் பார்த்து அடங்கியது. தம்பி அந்தக் கண்களை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அவன் முகத்தில் எதுவும் அசையவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் கிடந்த வலது கை மட்டும் மெல்ல எழுந்தது. தோளுக்கு வந்தது. தோளைத் தாண்டியது. உள்ளங்கை விரிந்து, விரல்கள் சேர்ந்து, நேரே, அந்தக் கண்களுக்கு முன்னால் போய் நின்றது.

இருபத்தாறு. இருபத்தேழு. நுரை தாடையிலிருந்து ஒழுகித் துண்டில் விழுந்தது. கையை அவன் இறக்கவில்லை.